பலாக்கட்டை கடைசலுக்கு வந்த கதை

தயிரைக் கடைவதற்கும் மரத்தைக் கடைவதற்கும் தமிழில் ஒரே வினைச்சொல்தான். மத்தின் தண்டில் கயிற்றைச் சுற்றி, இரு முனைகளையும் மாறி மாறி இழுத்தால் மத்து வலமும் இடமுமாகச் சுழலும். பழைய கடைசல் பட்டறையில் நடந்ததும் அதுவே. மத்து இருந்த இடத்தில் மரக்கட்டை இருந்தது; சுழலும் கட்டைமேல் உளி பட்டது. அப்படி உருட்டி எடுத்த வேலைக்குக் கடைசல் என்று பெயர் நின்றது. கடைந்தெடுத்த என்ற அடைமொழி வடிவான கைகால்களுக்கும் வருகிறது, அயோக்கியனுக்கும் வருகிறது. தயிர் கடையும் மத்தும் கடைசலில் பிறந்த பொருள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கடைசல் எந்திரத்தின் மிகப் பழைய ஓவியச் சான்றாகப் பொதுவாகக் காட்டப்படுவது எகிப்தில் பெட்டோசிரிஸ் என்பவரின் கல்லறையில் உள்ள புடைப்புச் சிற்பம். காலம் ஏறத்தாழ கி.மு. 300. ஒருவர் வாரைப் பிடித்து இழுக்க, இன்னொருவர் கருவியைப் பிடித்திருக்கிறார். தமிழில் நக்கீரரின் நெடுநல்வாடை வருணிக்கும் அரசியின் தந்தக் கட்டிலுக்குக் குடம் போன்ற புடைப்பும் உள்ளிப்பூண்டு போன்ற திரட்சியும் உள்ள கால்கள் இருக்கின்றன. இவை கடைசலுக்கு இயல்பாக வரும் வடிவங்கள். கருநாடகத்தில் ஒய்சளர் காலத்துக் கோயில்களில் மாவுக்கல் தூண்களைக்கூடச் சுழலவிட்டு உருட்டியிருக்கிறார்கள். 1117-இல் எழுந்த பேலூர்க் கோயிலில் அந்த வளையங்களை இன்றும் பார்க்கலாம்.

இந்தியக் கைக்கடைசல் மிக எளிய அமைப்பு. தரையில் ஊன்றிய இரண்டு கட்டைகள், அவற்றில் எதிரெதிரே இரண்டு இரும்பு முளைகள், நடுவே செருகிய மரம். உதவியாள் கயிற்றை இழுப்பார். கடைசல்காரர் தரையில் உட்கார்ந்து உளியைக் கையால் பிடித்துக் கால்விரல்களால் அணைகொடுப்பார். கயிறு ஒரு பக்கம் இழுபடும்போது மரம் உளியை நோக்கி வரும்; அப்போது மட்டுமே சீவல் விழும். மறுபக்கம் இழுபடும்போது உளியை நூலளவு பின்வாங்க வேண்டும். வாங்காவிட்டால் முனை மழுங்கும், கட்டை துள்ளும். பாதி நேரம் வெட்டி, பாதி நேரம் விலகி நிற்கும் இந்தத் தாளம் இருவருக்கும் ஒன்றாக இருந்தாக வேண்டும். பின்னர் பெரிய சக்கரமும் வாரும் வந்தன. மரம் ஒரே திசையில் சுழன்றது. மிதிகட்டை வந்தது, கடைசியாக மின்மோட்டார். இன்று பட்டறைகளில் லேத்து என்றே சொல்கிறார்கள்.

பழமரம் கடைசலுக்கு வந்த வழி வேறு. தேக்கை மரத்துக்காகவே நடுகிறார்கள். பழமரத்தை அப்படி யாரும் நடுவதில்லை. காய்க்கிறவரை அதில் கோடரி வைக்க மனம் வராது. காய்ப்பு குறைந்தாலோ காற்று சாய்த்தாலோதான் அது கட்டையாகக் கணக்கில் வரும். ஆகவே பழமரத்தைக் கடைபவர் எந்தக் காலத்திலும் மரம் கேட்டு வாங்கும் நிலையில் இருந்ததில்லை. கிடைத்ததை வைத்துத் தொழில் செய்தவர் அவர். இந்தத் தொழிலின் வரலாற்றில் பாதி, மரம் எப்போது, ஏன் விழுந்தது என்பதுதான்.

விழுந்த மரங்களுக்கு ஊர்வழக்கில் தனித்தனி வேலை இருந்தது. புளிய மரத்தின் அடிக்கட்டை கறிக்கடைக்குப் போகும். எத்தனை வெட்டு விழுந்தாலும் சிலாம்பு எழாத மரம் அது. நெல்லிக்கட்டையைக் கிணற்றில் போட்டால் தண்ணீர் இனிக்கும் என்று போட்டார்கள். மாமரம் பூச்சிக்கு இரையாகும். பெட்டிப் பலகைக்கும் கட்டட முட்டுப் பலகைக்கும் மேல் அதற்கு மதிப்பில்லை. கொய்யாக் கிளை பம்பரமாயிற்று. இவற்றிலிருந்து தனித்து நின்றது பலா. பழமும் தந்து, முதல்தரக் கட்டையும் தந்த மரம் தமிழ்நாட்டில் அதற்கு நிகராக வேறில்லை.

உள்ளே வயிரம் கொண்டவற்றை மரம் என்றும், வெளியே வயிரம் கொண்டவற்றைப் புல் என்றும் தொல்காப்பிய மரபியல் பிரிக்கிறது. அதன்படி தென்னையும் பனையும் புல். பலா அசல் மரம். அகக்காழ் என்று இலக்கணம் சொன்னதையே தச்சர்கள் சேகு என்றும் வைரம் என்றும் சொல்கிறார்கள். பலாவின் வெளிவட்டம் வெளிறியது, பூச்சி அரிக்கும். உள்ளே இருக்கும் மஞ்சள் சேகைக் கறையான் எளிதில் தொடாது. ஆனால் சேகு திரள ஆண்டுகள் பிடிக்கும். விதையிட்ட பலா ஏழெட்டு ஆண்டுகளில் காய்த்துவிடும். வாத்தியக் கட்டைக்கு வேண்டிய பருமனில் சேகு நிறைய அதற்கு மேலும் பல பத்தாண்டுகள் ஆகும். பழத்தின் கணக்கும் கட்டையின் கணக்கும் ஒருநாளும் ஒன்றாக இருந்ததில்லை.

பலா தமிழ்நிலத்துக்குப் பழையது. பாரியின் பறம்பு மலையில் உழவர் உழாமலே விளைந்தவையாகக் கபிலர் எண்ணும் நான்கில் பலாவும் ஒன்று. இன்று பலா என்றதும் வாயில் வரும் ஊர் கடலூர் மாவட்டத்துப் பண்ருட்டி. அதைச் சுற்றியுள்ள செம்மண் மேட்டு நிலத்தில் முந்திரியும் பலாவும் சேர்ந்தே வளர்கின்றன. பணிக்கன்குப்பம் பக்கம் பருவத்தில் சாலையோரம் முழுக்கப் பழக்குவியல்தான். அருகிலுள்ள பாலூர் ஆராய்ச்சி நிலையம் பலாவில் தனி ரகங்களை வெளியிட்டது. வரப்போரம் நிற்கும் ஒவ்வொரு கிழட்டுப் பலாவுக்கும் அந்த வீட்டில் ஒரு கதை இருக்கும். மிகுதியாகக் காய்ப்பதற்கு ஆயிரங்காய்ச்சி என்று பெயரே உண்டு. பழத்துக்காக வளர்ந்த இந்தத் தோப்புகளின் நிழலில்தான் வாத்தியக் கட்டைத் தொழிலும் வேர்பிடித்தது. தஞ்சாவூர் வீணை செய்பவர்களும் சென்னையில் மிருதங்கம் மூட்டுபவர்களும் கட்டைக்குப் பண்ருட்டியைப் பார்ப்பது வழக்கமாயிற்று.

நன்றாகக் காய்க்கும் மரம் விலைக்கு வருவது அரிது. பாகப்பிரிவினை, மகள் கல்யாணம், வீட்டு மனையாகும் நிலம், சாலை அகலப்படுத்தல் என்று ஏதாவது ஒன்று வந்தால்தான் மர வியாபாரி உள்ளே வருவார். அவர் பார்ப்பது அடிமரத்தின் சுற்றளவும் நேர்த்தியும். கிளை பிரியும் இடத்தில் நார் முறுக்கிக்கொள்ளும். அது வாத்தியத்துக்கு ஆகாது. பொந்து விழுந்த மரம் பலகைக்காரருக்கு நட்டம். முரசுக்காரருக்கு அப்படியில்லை, நடுவை எப்படியும் குடைந்து எறியப் போகிறவர் அவர்.

வெட்டிய பலாக்கட்டையை உடனே கடைந்தால் முதலில் வருவது பால். காயின் பிசினைப் போலவே மரத்தின் பாலும் உளியில் ஒட்டும். எண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். வெளிறு கழிந்து உளி சேகைத் தொட்டதும் சீவலின் நிறம் மாறும். சட்டென்று மஞ்சள், பட்டறைத் தரையில் மஞ்சள் அரைத்துக் கொட்டினாற்போல. இந்தச் சீவலையும் மரத்தூளையும் கொதிக்கவைத்து எடுத்த சாயத்திலும் பர்மா, சயாம், இலங்கை ஆகிய நாடுகளின் பௌத்தத் துறவிகள் தங்கள் ஆடையைத் தோய்த்தார்கள். கடைந்த கட்டையின் மஞ்சள் வெளிச்சமும் காற்றும் பட்டுச் சில ஆண்டுகளில் தேன்நிறமாகி, பின் செம்பழுப்பாகும். நிறத்தை வைத்தே கட்டையின் வயதைச் சொல்லும் கண் பழகியவர்களுக்கு உண்டு.

மரம் காய்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. உருண்டை மரம் காயும்போது மையத்திலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைவிட ஆண்டு வளையத்தின் வழியாக மிகுதியாகச் சுருங்கும். சுற்றளவு குறையப் பார்க்கும். உள்ளிருக்கும் மையம் விட்டுக்கொடுக்காது. விளைவு, விளிம்பிலிருந்து மையம் வரை ஓடும் வெடிப்பு. முழு உருளையாகக் காயவைத்த எந்தக் கட்டையும் இதிலிருந்து எளிதில் தப்பாது. குடைந்த கட்டை தப்பும். மையம் போய்விட்டதால் சுற்றுச்சுவர் தன் போக்கில் சுருங்கிக்கொள்ளலாம். முரசு செய்பவர்கள் பச்சையிலேயே முரடாகக் குடைந்து, பிறகு நிழலில் ஆறப்போட்டு, காய்ந்தபின் மீண்டும் கடைந்து வடிவுக்குக் கொண்டுவருவதன் காரணம் இதுதான். வெட்டுவாயில் ஈரம் வேகமாகப் போகாமலிருக்கப் பூச்சும் கொடுப்பார்கள். வெயிலில் போட்டால் ஒரே நாளில் கட்டை பிளந்து போகும்.

மிருதங்கம் என்ற பெயருக்கு மண்ணுடல் என்பது பொருள். பெயரில் மண் ஒட்டிக்கொண்டிருந்தாலும் கருவி மரத்துக்கு மாறி நெடுங்காலம் ஆயிற்று. கச்சேரி மேடையில் அது பலாவாகவே அறியப்படுகிறது. நீளம் இரண்டு வகை: தக்கு எனப்படும் தாழ்ந்த சுருதிக்கு 24 அங்குல அளவு, எச்சு எனப்படும் உயர்ந்த சுருதிக்கு 22 அங்குல அளவு. வலந்தலை என்னும் வலப்பக்க வாய் சிறியது, தொப்பி என்னும் இடப்பக்க வாய் சற்றுப் பெரியது. வயிற்றின் புடைப்பு சரிநடுவில் இருக்காது. தொப்பிப் பக்கமாக ஒதுங்கியிருக்கும். ஆகவே ஒரே கட்டையில் இரண்டு வெவ்வேறு சரிவுகளைக் கடைய வேண்டும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் மேடு தெரியக்கூடாது. வாய்விளிம்பு துல்லியமான வட்டமாக இல்லாவிட்டால் மேலே போடும் தோல் மூட்டு ஒரு பக்கம் இறுகி ஒரு பக்கம் தளரும். சுருதி, வார் நுழையும் எல்லாக் கண்ணிலும் ஒன்றாக நிற்காது. வாத்தியக்காரர் கல்லாலும் புள் என்னும் மரத்துண்டாலும் மூட்டைத் தட்டித் தட்டிச் சேர்ப்பதெல்லாம் இந்த வட்டத்தை நம்பித்தான்.

இதில் மரத்துக்கு ஏற்படும் சுமையைக் கவனிக்க வேண்டும். எருமைத்தோல் வார் இரண்டு வாயையும் ஒன்றையொன்று நோக்கி ஓயாமல் இழுத்துக்கொண்டிருக்கிறது. அந்த இழுப்பிலும், விளிம்பில் விழும் அடியிலும், நார் விட்டுப் பிரியாத மரம் வேண்டும். அதே நேரத்தில் நாதம் ஓட வேண்டும். அளவுக்கு மீறிய கனம் மடிக்கும் பயணத்துக்கும் ஆகாது. பலா இரண்டையும் தாங்கியது. வேம்பு, கருங்காலி போன்றவற்றிலும் மிருதங்கம் செய்திருக்கிறார்கள். பலாவை அவை பெயர்க்கவில்லை.

பெரிய கட்டையைக் கயிற்றால் இழுத்துச் சுழற்றுவது எளிதல்ல. பச்சைப் பலாவில் ஒரு முழம் தடித்த துண்டை இரண்டு பேர் பிடித்துத்தான் தூக்க வேண்டும். அதனால் முழவுக் கட்டைகளை வாய்ச்சியால் செதுக்கி, நகவுளியால் குடைந்து, இழைத்து முடிப்பதே பழைய முறை. அத்தகைய கைவேலைக் கட்டைகளின் உட்சுவரில் உளித்தடம் தெரியும். சில வித்துவான்கள் அந்தக் கரடுமுரடான உட்புறத்தையே நாதத்துக்குக் காரணமாகச் சொல்வார்கள். மின்மோட்டார் வந்தபின் வெளிவடிவம் கடைசலுக்குப் போயிற்று. உருவம் ஒரே சீராயிற்று, வேலை நாள் குறைந்தது. ஒரு நட்டமும் உண்டு: சுவர் கனம் கட்டைக்குக் கட்டை மாறி, அதனால் ஒவ்வொன்றுக்கும் தனிக் குரல் இருந்த நிலை குறைந்தது.

தோல் அடிக்கடி மாறும், கட்டை மாறாது. பாட்டனார் வாசித்த கட்டையில் பேரன் புதுத்தோல் போட்டு வாசிப்பது சாதாரணம். பழைய கட்டைக்கு வித்துவான்கள் தேடி அலைவதும் உண்டு. தோல்வேலை செய்த தஞ்சாவூர் செபாஸ்டியன் வழியினரைப் பற்றிப் பாடகர் டி.எம். கிருஷ்ணா 2020-இல் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்ற ஆங்கில நூலை எழுதியபின்தான் இந்தக் கைகளைப் பற்றிப் பரவலான பேச்சே எழுந்தது. கட்டை கடைந்தவர்களுக்கு அந்த அளவு கவனமும் கிடைக்கவில்லை. அழைப்பிதழில் பாட்டு, வயலின், மிருதங்கம் என்று மூன்று பெயர் அச்சாகும். கட்டை யார் கடைந்தது என்று கேட்கும் ரசிகர் அபூர்வம்.

மிருதங்கத்தோடு பலா முடிவதில்லை. தவில் கட்டையும் பலா. கஞ்சிராவின் வளையமும் பலா. புதுக்கோட்டை மாமுண்டியா பிள்ளை அதைக் கச்சேரிக்குக் கொண்டுவந்தபின் அந்த வளையங்களுக்கும் கடைசல் பட்டறைகளில் வேலை பிறந்தது. கேரளத்தின் செண்டையும் மத்தளமும் பலாவையே நம்பியவை. வீணையின் குடமும் தண்டியும் கடைசலில் வருவதில்லை; குடைவும் செதுக்கலுமே அதன் வழி. ஒரே மரத்தில் குடைந்த வீணைக்கு ஏகாண்ட வீணை என்று பெயர். அதில் கடைசலுக்கு உரிய பகுதி தந்தியை முறுக்கும் பிரடை மட்டுமே. தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு 2013-இல் கிடைத்தது.

கிடைத்த மரத்தைக் கடையும் வழக்கத்துக்கு இன்னொரு சான்று நாகசுரம். அதன் கட்டை பழமரம் அல்ல, ஆச்சா மரம். கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடையிலுள்ள நரசிங்கம்பேட்டையில் நாகசுரம் செய்யும் ஆசாரிகள் புதிதாக வெட்டிய ஆச்சாவைத் தொடமாட்டார்கள். இடித்த பழைய வீடுகளின் உத்தரமும் தூணுமே அவர்கள் தேடுவது. நீண்ட துளையிட்டுக் கடையும்போது பச்சை மரம் வெடித்துவிடும். பல பத்தாண்டுகள் கூரையின்கீழ் இருந்த மரத்தில் இனிச் சுருங்க ஒன்றும் மிச்சமில்லை. அந்த ஊரின் ரங்கநாதன் ஆசாரி உருவாக்கிய, பாரி என்னும் நீண்ட வகை நாகசுரத்தை டி.என். ராஜரத்தினம் பிள்ளை வாசித்துப் புகழ்பெறச் செய்தார். உலவு என்னும் குழலும், அதன் அடியில் விரியும் அணசும் தனித்தனியே கடையப்படுகின்றன. 2022-இல் நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்குப் புவிசார் குறியீடு வந்தது. ஓட்டு வீடுகள் இடிபடுவது நின்றால் மரம் எங்கிருந்து வரும் என்பது அந்தப் பட்டறைகளின் நிரந்தரக் கேள்வி.

பழமரத்திலிருந்து இசை எடுப்பது தமிழரின் தனிச்சொத்து அல்ல. ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் 1987-இல் ஒரு பழங்காலக் கழிப்பிடக் குழியிலிருந்து எடுத்த 14-ஆம் நூற்றாண்டுக் குழல் பிளம் இனத்து மரத்தில் ஒரே துண்டாகச் செய்தது. பேரிக்காய் மரம் ஐரோப்பியக் குழல்களுக்கும் அளவுகோல்களுக்கும் உகந்ததாக இருந்தது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலேயர் தேயிலை வைக்கும் சிமிழ்களை ஆப்பிள், பேரிக்காய் வடிவத்திலேயே பழமரத்தில் கடைந்தார்கள். தேயிலை விலை அதிகமாக இருந்த காலமாதலால் அவற்றுக்குப் பூட்டும் உண்டு. அமெரிக்காவில் டிஸ்டன் நிறுவனம் கைவாளின் பிடிக்கு ஆப்பிள் மரத்தைப் பயன்படுத்தியது. எல்லா இடத்திலும் கட்டை வந்த வழி ஒன்றே: காய்த்து ஓய்ந்த தோப்பு.

பழமா கட்டையா என்ற இழுபறியில் இலங்கையில் சட்டமே தலையிட்டது. டச்சுக்காரர் காலம் முதல் அங்கே நாற்காலி, கட்டில் கால்களுக்குப் பலா கடையப்பட்டது. மறுபக்கம் பலாக்காய் ஏழை வீட்டின் சோறாக இருந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆர்தர் வி. டயஸ் ஊர் ஊராகப் பலாக்கன்று நட வற்புறுத்தினார்; பலா மாமா என்ற பொருளில் மக்கள் அவருக்கு இட்ட சிங்களப் பெயர் கொஸ் மாமா. 1951-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம், அனுமதியின்றிப் பலாவை வெட்டுவதைத் தடுத்தது. சொந்தக் கொல்லையில் நிற்கும் மரத்துக்கும் அனுமதி வேண்டும். சோறு முதலில், நாற்காலி பிறகு என்ற அந்த முடிவு சரியானதே.

தமிழ்நாட்டில் அப்படி எந்தக் கட்டுப்பாட்டையும் காற்று பொருட்படுத்தவில்லை. 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. காற்று மணிக்கு 140 கிலோமீட்டர் வரை வீசியது. பண்ருட்டி வட்டாரத்தின் முந்திரியும் பலாவும் ஒரே காலையில் சாய்ந்தன. தலைமுறைகளாகக் காத்த மரங்கள் வேரோடு கிடந்தன. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா, புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடி, வடகாடு பக்கத்துப் பலாத் தோப்புகளையும் அதே கதிக்கு ஆளாக்கியது.

புயலில் விழுந்த மரம் கடைசலுக்குக் கொண்டாட்டம் என்று நினைக்கத் தோன்றும். அப்படியல்ல. எல்லோரும் ஒரே வாரத்தில் விற்க வந்தால் விலை சரிகிறது. மரத்தை வாங்கி அடுக்கி நிழலில் வைக்க இடமும் முதலும் உள்ளவருக்கே அதில் பயன். முறுக்கிச் சாய்ந்த மரத்தில் வெளியே தெரியாத உள்வெடிப்பு இருக்கும். லேத்தில் ஏற்றி வடிவு வந்தபிறகு அது கண்ணில் படும். அந்தக் கட்டை அடுப்புக்குப் போகும். மழையில் கிடந்த கட்டையின் வெளிறு கறுத்து உளுக்கும். வேலியாகப் பயன்பட்ட மரமானால் உள்ளே புதைந்த ஆணி உளியைத் தின்றுவிடும். இரும்பு பட்ட இடம் கரும்புள்ளியாக நிற்கும். இத்தனையும் கழிந்து தேறியது வாத்தியமாயிற்று.

தானே புயலுக்குப் பின் நட்ட பலாக்கன்றுகள் இன்று காய்க்கின்றன. அவற்றின் அடிமரத்தில் சேகு இன்னும் கைப்பிடி அளவுதான்.